பத்தாயிரம் மீனுக்கு ஒரு கூண்டு

கூண்டு மீன் வளர்ப்பு மேம்பாட்டு வாரியத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு சிமெண்ட் மீன் நிற்கிறது. வாலை ஊன்றி, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கும். வாரியத்தின் பொறுப்புக்கு வந்த பிறகும் உடம்பு இளைக்காத ஒரே மீன் அதுதான் என்று நீர்த்தேக்கத்து ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வயிற்றெரிச்சல், வேறென்ன. வாரியம் வேலையே செய்வதில்லை என்று மட்டும் யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. மாதம் தவறாமல் மீன்குஞ்சு விடுகிறது. மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, இயக்குநரின் திருக்கரத்தால் விடுகிறது. எத்தனை குஞ்சு விட்டோம் என்று மேலிடத்துக்கு எழுதுகிறது. விட்ட குஞ்சு அப்புறம் என்ன ஆயிற்று என்று மேலிடம் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்பதால் வாரியமும் சொன்னதில்லை.

இந்த வாரியத்தை நம்பி நீர்த்தேக்கத்தில் மானியத்தில் ஒரு கூண்டு வாங்கியவர் நம்முடைய கண்டக்டர். பேருந்துகளில் டிக்கெட் கிழிக்க இயந்திரம் வந்தபோது அவர் வேலை போய்விட்டது. பெயர் போகவில்லை. தெருவுக்கே அவர் கண்டக்டர்தான். விசிலும் போகவில்லை. சட்டைப் பையில் அது இல்லாவிட்டால் அவருக்கு ஏதோ வேட்டி கட்டாமல் வெளியே வந்த மாதிரி இருக்கும்.

மனைவி சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்.

“ஒரு அறுவடை பாப்பேன். அதுல தேறலைன்னா மறுபேச்சு பேசாம எங்க அண்ணன் கடையில போய் உக்காந்துடணும். சரியா?”

அண்ணனுக்குப் பாத்திரக் கடை. கால் வைக்க இடமில்லாத கடை. தலைக்கு மேலே கரண்டிகள், முதுகுக்குப் பின்னால் அண்டாக்கள், முழங்காலை இடிக்கும் குடங்கள். அந்தச் சந்துக்குள் மச்சான், அவருடைய மகன்கள் இரண்டு பேர், கல்லாவில் ஒருவர். இத்தனை பேருக்கு நடுவே ஒரு ஸ்டூலைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார் மச்சான். “மாப்ள, எப்ப வந்தாலும் இது உங்க இடம். யாரையும் உக்கார விடமாட்டேன்” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். வாழ்நாளெல்லாம் படிக்கட்டில் காற்று வாங்கிக்கொண்டு போன மனிதர், மச்சான் கண்பார்வையில் குந்திக்கொண்டு ‘மூடிக்குத் தனி விலைங்க’ என்று சொல்லிக்கொண்டிருப்பதா? நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது. மீன் வளர்ந்தே ஆக வேண்டும்.

கூண்டு வந்து சேர்ந்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், அதைத் தாங்கும் நீல டிரம்கள், சுற்றிலும் நடக்கப் பலகை, நடுவில் தண்ணீருக்குள் பை மாதிரித் தொங்கும் வலை. பலகையில் ‘ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது’ என்று வாரியமே எழுதி மாட்டியிருந்தது. மண்டல அலுவலர் பிளாஸ்டிக் பைகளில் திலாப்பியா குஞ்சுகளோடு வந்து இறங்கினார். பை பையாக அவிழ்த்துக் கொட்டிக்கொண்டே இருந்தார். கொட்டி முடிகிற வழியாகத் தெரியவில்லை.

“சார், இந்த அளவு கூண்டுக்கு அஞ்சாயிரம்தான்னு பயிற்சியில சொன்னாங்களே?”

“சொன்னாங்க. நான் இப்ப பத்தாயிரம் விடறேன்.”

“அது ஏன் சார்?”

“அஞ்சாயிரம் மீனுக்கு ஏத்த கணக்கு. பத்தாயிரம் எங்க இலக்குக்கு ஏத்த கணக்கு.” மண்டல அலுவலர் அடுத்த பையை அவிழ்த்தார். “அஞ்சாயிரம் விட்டா எத்தனை மீன் வரும்?”

“அஞ்சாயிரம்.”

“பத்தாயிரம் விட்டா?”

“பத்தாயிரம்.”

“அப்புறம் என்னய்யா? கணக்கு ரெண்டாங்கிளாஸ்லயே முடிஞ்சு போச்சு. இதுக்குப் போய் ஆராய்ச்சி, அது இதுன்னு.”

ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் நூற்றைம்பது பேரை அடைத்து ஊர் கொண்டு சேர்த்தவர் கண்டக்டர். மூச்சுத் திணறியவர்களைப் பார்த்து, “உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு” என்று கத்திக் கத்தித் தொண்டை தடித்துப் போனவர். மீன் விஷயத்தில் மட்டும் நியாயம் பேசினால் நன்றாகவா இருக்கும்?

இரண்டு மாதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மீன்கள் வளர்வதை நிறுத்திக்கொண்டன. தீவனத்தை வீசினால் முரட்டு மீன்கள் நாலு மேலே பாய்ந்து அள்ளிக்கொண்டு போகும். நோஞ்சான்களுக்குக் கிடைப்பது அவை கலக்கிவிட்ட தண்ணீர். தீவனச் செலவு என்னவோ இரண்டு கூண்டுக்கு உண்டான செலவு. மீன் மட்டும் அரைக் கூண்டு மீன். மிச்சம் விழுந்த தீவனம் அடியில் அழுகி நாறியது.

மொத்த மீன் வியாபாரி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றை வலையில் கோரி எடுத்து, உள்ளங்கையில் வைத்து, இப்படியும் அப்படியும் புரட்டினார்.

“எனக்கு அரைக்கிலோ மீன் வேணும். இது என்ன?”

“மீன்தாங்க.”

“இதை மீன்னு வெளியில சொல்லிடாதீங்க. மீன் கோவிச்சுக்கும்.”

விடியற்காலையில்தான் கொடுமை. பத்தாயிரமும் மேலே வந்து, வாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, திறந்து திறந்து மூடும். ஒருநாள் மனைவியும் வந்து பார்த்தாள். கணக்குக் கேட்கத்தான் வந்தாள்.

“பாவங்க” என்றாள். “பாதியை வெளிய எடுத்துடுங்களேன்.”

“வாரியத்துல கேக்காம மீன் மேல கை வெச்சா மானியம் போயிடும்.”

“அப்ப கேளுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?”

தினமும் காலையில் சின்னப் படகில் அந்தப் பக்கம் போகும் வலைக்காரர் துடுப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தார். அவருக்கு நீர்த்தேக்கம் முழுக்க வலை வீச உரிமம் உண்டு. பிடிப்பதற்கு மீன்தான் இல்லை. “கண்டக்டரே, இதுக்குள்ள தண்ணி எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று அவர் கேட்டதற்குச் சிரிக்க முடியவில்லை. கண்டக்டருக்கு அழுகைதான் வந்தது.

வாரியக் கட்டடம் நாற்பது பேருக்காகக் கட்டியது. அதற்குள் இருநூறு பேர் இருந்தார்கள். இன்னாரின் மைத்துனன், இன்னாரின் மருமகன் என்று ஒவ்வொரு இயக்குநர் காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கண்டக்டரை ‘இருப்பு அடர்த்திப் பிரிவு’ என்ற அறைக்கு அனுப்பினார்கள். ஒரே மேஜை, ஒரே ஜன்னல். உட்கார்ந்தவர்கள் மடியில் உட்காராத குறையாக நின்றுகொண்டிருந்தவர்கள். ஜன்னலோரம் இருந்தவர்கள் ஏதோ தேறியிருந்தார்கள். உள்ளே போகப் போக வெளுத்து, மெலிந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். தேநீர் வந்தது. வாசல் பக்கம் இருந்த தடியர்கள் நாலு பேர் தட்டின் மேல் பாய்ந்தார்கள். கடைசி ஆளிடம் தட்டு போய்ச் சேர்ந்தபோது அதில் காலி டம்ளர்கள்தான் இருந்தன. கண்டக்டருக்கு இந்தக் காட்சியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

“கூண்டுலேருந்து பாதி மீனை எடுக்கணும் சார்” என்றார், யாரிடம் என்று தெரியாமல் பொதுவாக.

“எடுக்கறதா?” கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. “இங்க விடற பிரிவுதான் இருக்கு. எடுக்கற பிரிவு கிடையாது.”

“ஏன் சார்?”

“வைக்க இடம் இல்ல.”

“சார், மீன் சாகுதுங்க.”

அறையே திடுக்கிட்டது. ஒருவர் எழுந்து கதவைச் சாத்தப் பார்த்தார். சாத்துவதற்குக் கதவருகே இடம் இல்லை. “அந்த வார்த்தையை இங்க சொல்லக் கூடாது” என்றார் தாழ்ந்த குரலில். “வாரியத்துல மீன் சாகறதில்ல. முன்னதா விலகும்.”

விலகப் போகும் மீன்களைப் பற்றி முடிவெடுக்க இயக்குநருக்குத்தான் அதிகாரம் என்று மாடிக்கு அனுப்பினார்கள். இயக்குநரின் அறை பூப்பந்து விளையாடும் அளவுக்கு இருந்தது. மூன்று பக்கமும் ஜன்னல். இரண்டு ஏசி. நடுவில் அவர் ஒருவர் மட்டும் இருந்தார். நன்றாக வளர்ந்திருந்தார்.

எதிரே எட்டு நாற்காலிகள். எட்டிலும் நினைவுப் பரிசுகள் உட்கார்ந்திருந்ததால் கண்டக்டர் நின்றார்.

“மீனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?” என்றார் இயக்குநர்.

“ஒண்ணும் தெரியாதுங்கய்யா. காலையில அதுங்களுக்கு மூச்சு முட்டுது. அது மட்டும் தெரியுது.”

“அது மூச்சு முட்டறது இல்ல. ஆர்வம். உங்களைப் பாக்க மேல வருது. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கறீங்க.” இயக்குநர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டினார். நீட்டுவதற்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. “மீன் கூட்டமா வாழற ஜீவன். விசாலமா விட்டா சோம்பேறி ஆயிடும். நெருக்கினாதான் போட்டி, போட்டி இருந்தாதான் வளர்ச்சி. கீழ பாத்தீங்க இல்ல, என் ஊழியர்களை? நெருக்கியடிச்சு உக்காந்து என்னமா உழைக்கறாங்க!”

“பாத்தேங்கய்யா.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய ரூமுன்னு உங்க மனசுல ஓடும். ஓடட்டும். நான் சிந்திக்கறவன். சிந்திக்கறவனுக்குக் காத்து வேணும். மீன் சிந்திக்காது.”

“வியாபாரி அரைக்கிலோ மீன்தான் எடுப்பேங்கறாருங்க. நெருக்கத்துல மீன் பெருக்க மாட்டேங்குது. இப்படியே போனா எனக்கு லாபமே...”

இயக்குநர் கையை உயர்த்தி நிறுத்தினார். “லாபம் உங்க சொந்த விஷயம். வளர்ச்சி வாரியத்தோட விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. நாங்க உங்க குடும்ப விஷயத்துல தலையிடறோமா?”

பேசிக்கொண்டே வந்தவருக்கு ஒரு யோசனை பிறந்தது. காற்றோட்டத்தின் பலன். இந்த மாத இலக்குக்கு இன்னும் ஐயாயிரம் குஞ்சுகள் குறைகின்றன. கண்டக்டரின் கூண்டை ‘மாதிரிக் கூண்டு’ என்று அறிவித்து, அடுத்த விழாவை அங்கேயே நடத்தி, அந்த ஐயாயிரத்தையும் அதிலேயே விட்டுவிட்டால் என்ன? பாதியைக் குறைக்கக் கேட்டுப் போனவர் பாதி கூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

“என்ன சொன்னாங்க?” என்றாள் மனைவி.

“பாராட்டினாங்க.”

அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்டூல் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தாள்.

விழா நாளில் கரையெல்லாம் வாரியம். இருநூறு பேரும் வந்திருந்தார்கள், காற்று வாங்கின மாதிரியும் ஆயிற்று என்று. உயிர் காக்கும் உடுப்புகள் புத்தம்புதிதாகக் கட்டுக் கட்டாக இருந்தன. அழுக்காகிவிடும் என்று கிடங்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ‘ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது’ என்ற பலகை புகைப்படத்தில் விழக் கூடாது என்று அதன் மேல் விழாத் துணியைக் கட்டினார் மண்டல அலுவலர்.

இயக்குநர் படகில் வந்து கூண்டுப் பலகையில் ஏறினார். அவரோடு அரை டஜன் பேர் ஏறினார்கள். கண்டக்டர் முன்பே பலகையின் மூலையில் நின்றிருந்தார். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நான் பதவிக்கு வந்தப்ப கூண்டுக்கு மூவாயிரம் விட்டாங்க. நான் அஞ்சாயிரம் ஆக்கினேன், பத்தாயிரம் ஆக்கினேன். இன்னிக்குப் பதினைஞ்சாயிரம்! சில பேர் கேக்கறாங்க, இவ்வளவு விட்டீங்களே, எவ்வளவு பிடிச்சீங்கன்னு. பிடிக்கறது மீனவன் வேலை. விடறது நம்ம வேலை. நம்ம வேலையில இதுவரைக்கும் ஒரு குறை சொல்ல முடியுமா?”

கரையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். இயக்குநர் குஞ்சுப் பையைத் தூக்கிப் பிடித்ததும், அந்தப் படத்தில் தாங்களும் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. அடுத்த பதவி உயர்வுப் பட்டியல் நெருங்கிக்கொண்டிருந்தது. படகு படகாக வந்தார்கள். டிரம்கள் பாதி முங்கின. பலகை கிரீச்சிட்டது. ஒரு படகு கொஞ்சம் தயங்கி நின்று, “கண்டக்டர், இன்னும் ஏறலாமா?” என்று கேட்டது.

கண்டக்டர் வலைக்குள் பார்த்தார். பகலிலேயே வாய்கள் மேலே வந்திருந்தன. பத்தாயிரம் வாய்கள். அதன் மேல் கொட்டப்போகும் ஐயாயிரம் பையில் துடித்துக்கொண்டிருந்தன. வண்டி எப்போது குடைசாயும் என்று அவருக்கு உள்ளங்காலிலேயே தெரியும். சாய்ந்தால் வலையும் போகும், அறுவடையும் போகும், அப்புறம் ஸ்டூல்தான். அவர் ஒரு கணம் ஸ்டூலை நினைத்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார்.

“ஏறுங்க, ஏறுங்க! உள்ள போங்க! உள்ள நிறைய இடம் இருக்கு!”

அவர் இரட்டை விசில் கொடுத்தாரா இல்லையா என்பதில் பிற்பாடு வாரியத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. கொடுத்தார்.

பலகை ஒரு பக்கமாகச் சாய, வாரியம் கொத்தாகக் கூண்டுக்குள் சரிந்தது. வலை முதலில் தொட்டில் போல அவர்களைத் தாங்கியது. இயக்குநர், துணை இயக்குநர்கள், கண்காணிப்பாளர்கள், அடர்த்திப் பிரிவு முழுவதும் கழுத்தளவு தண்ணீரில் ஒருவர் மேல் ஒருவராகக் குழாயைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் மேலே நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். எல்லோருக்கும் ஒரே ஆர்வம். வலையின் அடிப்பக்கம் டர்ரென்று கிழிந்தது. உதறிய கால்களுக்கு நடுவே பத்தாயிரம் மீன்களும், பையிலிருந்து சிதறிய ஐயாயிரம் குஞ்சுகளும் ஆழத்தில் இறங்கிப் போய்விட்டன. வலைக்காரர் படகைக் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கோரி எடுத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்னதாக ஒருவரும் விலகவில்லை.

பாரம் இறங்கியதும் கூண்டு நிமிர்ந்து பழையபடி மிதந்தது.

இனிமேல்தான் வாரியத்தின் மேதைமை. வலை கிழிந்தது என்று எழுதினால் எப்படிக் கிழிந்தது என்று எழுத வேண்டும். எப்படிக் கிழிந்தது என்று எழுதினால் இயக்குநர் கூண்டுக்குள் விழுந்தார் என்று எழுத வேண்டும். இயக்குநர் விழவில்லை. ஆகவே வலை கிழியவில்லை. ஆகவே பதினைந்தாயிரம் மீன்களும் கூண்டுக்குள் சௌக்கியமாக இருக்கின்றன. ‘விழா இனிதே நடந்தேறியது’ என்று எழுதி, சாய்வதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்த படத்தை ஒட்டி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். படம் நன்றாகவே வந்திருந்தது.

வீட்டில் கண்டக்டர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

“மீனெல்லாம்?” என்றாள் மனைவி.

“போயிடுச்சு.”

“செத்தா?”

“இல்ல. இறங்கிப் போயிடுச்சு.”

“எங்கேயோ நல்லா இருந்தா சரி” என்றாள். பிறகு அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். “காலையில அண்ணன் சீக்கிரமே கடை திறப்பாரு.”

ஸ்டூல் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தது. பக்கத்தில் மச்சான் மகன்கள் இரண்டு பேரும் முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தார்கள். கரண்டிகள் தலையைத் தட்டின. “மாப்ள, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க, இடம் இருக்கு” என்பார் மச்சான். கேட்கும்போதெல்லாம் கண்டக்டர் தலை குனிந்துகொள்வார். மதியம் தேநீர் வந்தால் அவர் கைக்கு வரும்போது ஆறிப் போயிருக்கும். மாதங்கள் போகப் போக அவர் இளைத்தார்.

ஒருநாள் கடை வாசலில் வலைக்காரர் வந்து நின்றார். கையில் ஒரு மீன் தொங்கியது. முழங்கை நீளம், கொழுகொழுவென்று. வால் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

“கண்டக்டரே, உங்க ஆளைத் தெரியுதா?”

தெரியவில்லை. தன் மீனுக்கு இவ்வளவு பெரிய உடம்பு இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

“தண்ணி கிடைச்சுது, வளர்ந்துடுச்சு. அவ்வளவுதான் சங்கதி. வலை வீசற இடமெல்லாம் இதுதான். எனக்கு ஒண்டியா இழுக்க முடியல. வர்றீங்களா, பாதிப் பாதி?”

“வாரியம் விட்ட மீனாச்சே. பிடிச்சா கேக்க மாட்டாங்களா?”

“எதுக்குக் கேப்பாங்க? அவங்க மீனெல்லாம் கூண்டுக்குள்ள இருக்கே!”

கண்டக்டர் எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. அன்று சாயங்காலம் மொத்த வியாபாரி அந்த மீனைக் கையில் வாங்கி, முன்பு சொன்னதெல்லாம் தான் சொன்னதே இல்லை என்ற முகத்தோடு தராசைத் தேடினார். மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள். “அண்ணா, அந்த ஸ்டூலை யாருக்காவது கொடுத்துடு” என்றாள்.

இதற்கிடையில் வாரியமும் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருந்தது. மற்ற கூண்டுகளில் குஞ்சு விட்டால் சில நாளில் செத்த மீன் மிதந்து மானத்தை வாங்குகிறது. மாதிரிக் கூண்டில் மட்டும் எவ்வளவு விட்டாலும் ஒன்றுகூட மிதப்பதில்லை. முதலில் பதினைந்தாயிரம். அப்புறம் முப்பதாயிரம். அடி கிழிந்த வலையோடு மிதக்கும் அந்தச் சட்டத்தைக் கரையிலிருந்து பார்த்து இயக்குநர் நெகிழ்ந்து போனார். அடர்த்திக்கு மேல் வரம்பே கிடையாது என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் நிதியை இரட்டிப்பாக்கியது. இப்போதெல்லாம் மாதா மாதம் விழா அங்கேதான். நீர்த்தேக்கத்தில் இத்தனை மீன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று வலைக்காரர் சொல்கிறார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அது உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதற்கே தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது.

போன மாத விழாவில் ஒரு லட்சம் குஞ்சுகள். மாதிரி விவசாயி என்ற முறையில் கண்டக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். கரையில் நின்றபடி, நீளமான குழாய் வழியாகத்தான் இப்போதெல்லாம் குஞ்சு விடுகிறார்கள். கூண்டுப் பலகையில் ஏறுவதில் வாரியத்துக்கு ஏனோ ஆர்வம் குறைந்துவிட்டது. கண்டக்டர் மட்டும் தனியாக அங்கே நின்று குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். குஞ்சுகள் வெள்ளியாகக் கொட்டி, சட்டத்துக்குள் விழுந்து, ஒரு கணம் அங்கேயே திகைத்துச் சுற்றின. எங்கே போவதென்று அவற்றுக்குத் தெரியவில்லை.

அவர் விசிலை எடுத்து இரட்டையாக ஊதினார்.

“உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள நிறைய இடம் இருக்கு.”

அதைச் சொல்லிச் சொல்லியே பிழைத்த மனிதர் அவர். அன்றைக்குத்தான் முதன்முறையாக உண்மையைச் சொன்னார்.